டான் தீம்: சிறு கடையின் ஆன்லைன் முகப்புக்கு இது போதுமா?

ஆன்லைனில் கடை நடத்த இடம் தரும் ஷாப்பிஃபையில் கடை போடுகிறவர், கடையின் தோற்றத்தைத் தரும் தீமுக்கென்று தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2021-இல் வந்த டான் தீம் இலவசம். அதன் நிரல் முழுவதும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. பத்து முதல் இருநூறு பொருள் வரை விற்கும் கடைக்கு இதுவே தாராளமாகப் போதும். ஆனால் நிறுவிய நிலையில் அதை அப்படியே விட்டு, காலி இடங்களில் படத்தையும் வாசகத்தையும் போட்டு நிரப்பினால் வருவது கடையின் முகப்பு அல்ல, திருமண அழைப்பிதழின் அட்டை. அழகாக இருக்கும்; உள்ளே என்ன விற்கிறார்கள், என்ன விலை, வீட்டுக்கு எப்போது வரும் என்று மட்டும் தெரியாது.

டானின் முகப்பு இந்த வரிசையில் வருகிறது: மேலே அறிவிப்புப் பட்டை, ஹெடர், பெரிய பேனர் படம், நடுவில் தலைப்பும் நாலு வரியும் கொண்ட எழுத்துப் பகுதி, நீங்கள் வகைப்படுத்தித் தொகுத்த ஒரு கலெக்‌ஷனின் பொருட்கள், மூன்று கட்டம் கொண்ட கொலாஜ், வீடியோ, பல பத்தியாகப் பிரித்த பகுதி, கடைசியில் ஃபுட்டர். இது தீமின் திறமையைக் காட்ட அடுக்கிய வரிசை. ஒரு கடைக்கு இதில் பாதி வேண்டாம். பேனரை அடுத்து வரும் எழுத்துப் பகுதியை முதல் வேலையாக எடுத்துவிடலாம். “உங்கள் பிராண்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று அது ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நிற்பதால்தான் பல கடைகளில் பொருளுக்கு முன்னால் தத்துவம் வந்து நிற்கிறது. கொலாஜும் அப்படித்தான். மூன்று துண்டுக்கு மேல் அது ஏற்காது. கைபேசியில் அவை ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்து, பொருளைப் பார்க்க வந்தவரை இன்னும் கீழே தள்ளிவிடும்.

ஒரு செக்கு எண்ணெய்க் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர். வருகிறவர் கையில் இருப்பது கைபேசி, திரையின் அகலம் 360 பிக்சல் என்று கொள்வோம்.

பேனரில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. டிசைனரிடம் சொல்லி 1920-க்கு 800 பிக்சலில் ஒரு படம் செய்து, கடைப் பெயர், தள்ளுபடி, பாட்டில் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுத்தாகப் பதித்துவிடுவார்கள். கணினியில் பளிச்சென்று இருக்கும். டானில் பேனர் உயரத்தை “படத்துக்கு ஏற்ப” என்று வைத்தால், 360 பிக்சல் திரையில் அதே படம் 150 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கிவிடும். கணினியில் 48 பிக்சலில் நின்ற எழுத்து கைபேசியில் 9 பிக்சல். படிக்க முடியாது. சரி, உயரத்தைக் கூட்டலாம் என்று “பெரியது” என்று மாற்றினால், கைபேசியில் சுமார் 390 பிக்சல் உயரம் வரும். ஆனால் படம் அந்த உயரத்துக்கு விரிந்து இரு பக்கமும் வெட்டுப்பட்டு, மொத்த அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கும் குறைவாகவே தெரியும். “நல்லெண்ணெய்” என்று எழுதியிருந்தால் “லெண்ணெ” மிஞ்சும்.

இதற்குக் காரணம், டானின் பேனரில் கைபேசிக்கென்று தனிப் படம் வைக்க இடமே இல்லை. முதல் படம், இரண்டாவது படம் என்று இரண்டு கட்டம் இருப்பதைப் பார்த்து ஒன்று கணினிக்கு, ஒன்று கைபேசிக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான். இந்தத் தீமின் உண்மையான குறை இது. இத்தனை வருடமாகியும் சரிசெய்யாமல் விட்டிருப்பது நியாயமில்லை. சிலர் இரண்டு பேனர் செக்‌ஷன் போட்டு, சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் நிரல்) எழுதி ஒன்றைக் கைபேசியில் மறைக்கிறார்கள். கண்ணுக்கு மறையும். ஆனால் மேலே இருக்கும் பேனரின் படம் மறைந்திருந்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், வாடிக்கையாளரின் டேட்டாவில்.

சரியான வழி எளிமையானது. படத்துக்குள் எழுத்தே வேண்டாம். 3-க்கு 2 என்ற அளவில், செக்கோ பாட்டிலோ நடுவில் வருகிற ஒரே புகைப்படம். உயரம் “நடுத்தரம்”. அப்போது கைபேசியில் அகலத்தில் எழுபது சதவீதமும், 1440 பிக்சல் கணினித் திரையில் உயரத்தில் அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் தெரியும். எனவே முக்கியமானது எதுவும் ஓரத்தில் இருக்கக் கூடாது. படத்தைத் திறந்து அதன் குவிமையப் புள்ளியைப் பாட்டிலின் மேல் வைத்துவிட்டால் எந்தத் திரையிலும் வெட்டு அதைச் சுற்றியே நடக்கும். தலைப்பும் பட்டனும் பேனருக்கென்று உள்ள எழுத்துப் பெட்டியில் போகட்டும். கைபேசியில் எழுத்து படத்துக்குக் கீழே வரும்படி வைக்க ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிடுவது நல்லது. எழுத்து படத்தின் மேலேயே இருக்க வேண்டுமென்றால் படத்தின் மேல் விழும் கருந்திரையான ஓவர்லேயை நாற்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெயிலில் நின்று படிக்க முடிகிறதா என்று பாருங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு.

என்ன எழுதுவது? “பாரம்பரியத்தின் சுவை, தூய்மையின் உறுதி” என்ற தலைப்பை எண்ணெய்க் கடையும் போடலாம், ஊறுகாய்க் கடையும் போடலாம், குடிநீர் கேன் விற்பவரும் போடலாம். “வாகை மரச் செக்கில் கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய்” என்பதை எண்ணெய்க் கடை மட்டும்தான் போட முடியும். கீழே ஒரு வரி: “கடலை, தேங்காய் எண்ணெயும் உண்டு. அரை லிட்டர் முதல் 5 லிட்டர் வரை.” பட்டனில் “மேலும் அறிய” வேண்டாம், “எண்ணெய் வகைகளும் விலையும்” என்று இருக்கட்டும். டான் இரண்டு பட்டன் தரும். இரண்டையும் நிரப்பியாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

அறிவிப்புப் பட்டையைப் பலர் “எங்கள் கடைக்கு நல்வரவு” என்பதற்குச் செலவழிக்கிறார்கள். வாங்க வருகிறவர் மனத்தில் இருக்கும் கேள்வி டெலிவரி. “தமிழ்நாட்டுக்குள் 3 நாள். ₹999-க்கு மேல் டெலிவரி இலவசம்” என்று உங்கள் உண்மையான கணக்கை அங்கே எழுதுங்கள். கேஷ் ஆன் டெலிவரி கிடையாதென்றால் அதையும் முகப்பிலேயே சொல்லிவிடுவது மரியாதை; பணம் கட்டும் பக்கம் வரை கூட்டிப்போய்ச் சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார். ஒரே பட்டையில் பல அறிவிப்பை மாற்றி மாற்றிச் சுழலவிடும் வசதியும் உண்டு. தமிழ் வரி நீளமானது, படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். ஒன்று போதும்.

பேனருக்கு அடுத்து உடனே வகைகள். கலெக்‌ஷன் லிஸ்ட் என்ற செக்‌ஷனில் 15 வரை சேர்க்கலாம். மூன்றிலிருந்து ஆறு வைத்தால் கண்ணுக்கு அடங்கும். இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. கலெக்‌ஷனுக்குத் தனியாகப் படம் கொடுக்காவிட்டால் அதிலுள்ள முதல் பொருளின் படத்தைத் தீம் எடுத்துக்கொள்ளும். மூன்று வகைக்கும் முதலில் நிற்பது ஐந்து லிட்டர் கேன் என்றால் மூன்று கட்டத்திலும் ஒரே மாதிரி கேன். எள், நிலக்கடலை, கொப்பரை என்று மூன்று படத்தை நீங்களே ஏற்றினால் எழுத்தைப் படிக்காமலே ஆள் புரிந்துகொள்வார்.

அதன் கீழே பொருட்கள். ஃபீச்சர்டு கலெக்‌ஷன் செக்‌ஷனில் கைபேசிக்கு இரண்டு பத்தி (வரிசைக்கு இரண்டு பொருள்), மொத்தம் எட்டுப் பொருள், படம் சதுரம், “எல்லாவற்றையும் பார்க்க” என்ற பட்டன் போட்டது. இந்த அமைப்பு பெரும்பாலான கடைகளுக்குப் பொருந்தும். கைபேசியில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் முறையை இயக்க வேண்டாம்; மூன்றாவது பொருளுக்கு மேல் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகும். பொருட்கள் அந்தக் கலெக்‌ஷனில் நீங்கள் வைத்த வரிசைப்படியே வரும். தீர்ந்துபோன பொருள் “சோல்டு அவுட்” முத்திரையோடு முதல் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், தீம் அதை நகர்த்தாது. “இருப்பு 0-க்கு மேல்” என்ற நிபந்தனையோடு தானாக இயங்கும் கலெக்‌ஷன் ஒன்றை முகப்புக்கென்றே செய்துவைத்தால் அந்தக் கவலை விட்டது.

விலையைக் காட்டும் விதத்தில் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. இந்திய ரூபாய்க்கு ஷாப்பிஃபை இயல்பாகத் தருவது ஆங்கில எழுத்தில் ஆர்.எஸ். போட்டு, கடைசியில் இரண்டு சுழியமும் சேர்ந்த வடிவம். ஜெனரல் செட்டிங்ஸில் நாணய வடிவத்தைத் திருத்தி ₹ குறியும் தசமம் இல்லாத தொகையுமாக மாற்றினால் கட்டத்துக்குள் விலை ஒரே வரியில் அடங்கும். இரண்டாவது, லட்சக் கணக்கு. காற்புள்ளியை ஆங்கில முறைப்படிதான் வைக்கும். ₹1,25,000 என்று இருக்க வேண்டிய பட்டுச்சேலை விலை ₹125,000 என்று வரும். எண்ணெய்க் கடைக்கு இதனால் பாதகமில்லை, நகையும் பட்டும் விற்பவர்கள் நிரலில் திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தமிழில் கடை நடத்துபவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் இடம். ஒரு பொருளுக்குப் பல அளவும் பல விலையும் இருந்தால் டான் குறைந்த விலைக்கு முன்னால் “ஃப்ரம்” என்று ஆங்கிலத்தில் போடும். தீமின் சொற்களை மாற்றும் பக்கத்தில் போய் அதை “முதல்” என்று மட்டும் மாற்றினால் முகப்பு முழுக்க “முதல் ₹240” என்று வரும். ஏதோ முதல் பரிசு போலப் படிக்கும். அந்தப் பெட்டியில் சொல்லுக்குப் பக்கத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் விலைக்கான இடம் குறித்திருக்கும். அந்த அடைப்பை அப்படியே வெட்டி முன்னால் வைத்து, “முதல்” என்பதைப் பின்னால் போட வேண்டும். அப்போதுதான் “₹240 முதல்” என்று வரும். அடைப்புக்குள் இருக்கும் ஒரு எழுத்து தவறினாலும் விலையே தெரியாது.

டானோடு வரும் மொழிபெயர்ப்புகளில் தமிழ் கிடையாது. தாய் உண்டு, வியட்நாமியம் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே “ஆட் டு கார்ட்”, “சோல்டு அவுட்” தொடங்கி எல்லாச் சொல்லையும் கடைக்காரரே அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. முகப்பிலும் பொருள் பக்கத்திலும் கார்ட்டிலும் கண்ணில் படுகிற சொற்களை முதலில் முடித்துவிடலாம்.

எழுத்துருவிலும் இதே கதைதான். டானின் இயல்பான எழுத்துருவான அசிஸ்டன்ட்டில் தமிழ் இல்லை. அதனால் கைபேசியோ கணினியோ தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. படிக்கத் தடையில்லை, வேறு எழுத்துரு இறக்காததால் வேகத்துக்கும் நல்லது. உறுத்துவது எழுத்துகளுக்கு இடையில் தீம் கூடுதலாக விடும் இடைவெளி. லத்தீன் எழுத்துக்கு 0.06 ரெம், அதாவது அரை பிக்சலுக்குச் சற்று மேல், காற்றோட்டமாக இருக்கும். தமிழில் சொல் தளர்ந்து கலைந்தாற்போலத் தெரியும். தீம் செட்டிங்ஸில் உள்ள கஸ்டம் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுத்து இடைவெளியைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவரும் ஒரு வரியைச் சேர்த்தால் முழுத் தளமும் சீராகிவிடும். பொருளின் பெயரையும் சுருக்குங்கள். இரண்டு பத்தி அமைப்பில் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 160 பிக்சல் அளவுதான். “மரச்செக்கில் ஆட்டிய சுத்தமான பாரம்பரிய நல்லெண்ணெய்” நான்கைந்து வரிக்கு இறங்கிவிடும். டான் பெயரை வெட்டாது என்பதால் பக்கத்துக் கட்டத்தின் விலை ஒரு உயரத்திலும் இதன் விலை இன்னொரு உயரத்திலும் நிற்கும். “செக்கு நல்லெண்ணெய்” போதும்.

ஹெடரில் தேடல் ஒரு பூதக்கண்ணாடிப் படமாக மட்டுமே இருக்கிறது, பெட்டி கிடையாது. பத்துப் பொருள் கடைக்கு இது பரவாயில்லை, இருநூறு பொருள் உள்ள கடைக்குக் குறைதான். தேடுகிறவர் “நல்லெண்ணெய்” என்றும் அடிப்பார், அதையே ஆங்கில எழுத்திலும் அடிப்பார், ஜிஞ்ஜெல்லி என்றும் செசமி என்றும் அடிப்பார். ஷாப்பிஃபையின் இலவச ஆப்பான சர்ச் அண்ட் டிஸ்கவரியில் இவற்றை ஒத்த சொற்களாகச் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே அடித்துப் பார்க்க வேண்டும்.

மெனுவில் கவனிக்க வேண்டியது ஒன்று: உள்மெனு உள்ள சொல்லைத் தொட்டால் டான் உள்மெனுவைத் திறக்குமே தவிர அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பக்கத்துக்குப் போகாது. “எண்ணெய்” என்பதன் கீழ் நான்கு வகை இருந்தால், ஐந்தாவதாக, முதல் இடத்தில், “எல்லா எண்ணெயும்” என்று ஒன்று சேர்க்காவிட்டால் மொத்தப் பட்டியலுக்குப் போக மெனுவில் வழியே இல்லை.

முகப்பில் மட்டும் லோகோவையே டான் பக்கத்தின் முதன்மைத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறது. லோகோ படமாக இருந்தால் அதன் மாற்று உரைதான் கூகுளும் திரைவாசிப்பானும் படிக்கிற தலைப்பு. அங்கே கடையின் பெயரோடு என்ன கடை என்பதையும் எழுதுங்கள். பிரிஃபரன்ஸஸ் பக்கத்தில், கூகுள் தேடலில் தெரியும் முகப்புத் தலைப்புக்கு 70 எழுத்து இடம் உண்டு. ஆனால் நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. “தமிழ்” நமக்கு மூன்று எழுத்து. இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஐந்து. ஆகவே முக்கியமான சொல் முன்னால் வரட்டும்.

வேகத்தில் டான் நம்பத்தக்கது. வீடியோ செக்‌ஷனில் அட்டைப்படத்தை மட்டும் காட்டி, தொட்ட பிறகுதான் வீடியோவை இறக்குகிறது. செக்கு ஓடும் ஒரு நிமிட வீடியோவைத் தயங்காமல் பக்கத்தின் நடுவில் வைக்கலாம், நூறு “தரமானது” முத்திரையைவிட அது பேசும். கூகுள் எதிர்பார்க்கும் அளவு, பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவது, தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில், பக்கம் திறக்கும்போது உள்ளவை இடம் மாறிக் குலுங்கும் ஆட்டத்தின் அளவு 0.1-க்குள். டானில் இது கெடுவது ஆப்களால்தான்: பாப்-அப், அதிர்ஷ்டச் சக்கரம், மிதக்கும் சாட் பட்டன், விமர்சன விட்ஜெட். ஒவ்வொரு ஆப்பையும் நிறுத்தி வைத்து, கூகுளின் வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் கைபேசி எண்ணைப் பாருங்கள். எது கெடுக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

மின்னஞ்சல் கேட்கும் பெட்டியை எண்ணெய்க் கடை முகப்பில் வைப்பதால் பயன் குறைவு. அந்த இடத்தில், நாமே நிரல் எழுதிச் சேர்க்கும் கஸ்டம் லிக்விட் செக்‌ஷன் போட்டு வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள்; இணைப்பில் எண்ணுக்கு முன் 91 வேண்டும், பிளஸ் குறியோ இடைவெளியோ கூடாது. வலைப்பதிவு செக்‌ஷனில் ஒரே ஒரு பதிவு, அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் எடுத்துவிடுங்கள். கடை மூடிவிட்டார்களோ என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும்.

கடைசி நிமிடக் கடிகாரம், “இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்” போன்றவை டானில் இல்லை. வெளி ஆப் வழியாக வருபவை. எண்கள் பொய்யென்றால் அது சட்டப்படியே தவறு. 2023 நவம்பரில் இந்திய அரசு வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தைக் காட்டுவதும், கேட்காத பொருளைக் கார்ட்டில் சேர்ப்பதும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுவதும் அதில் உண்டு.

ஃபுட்டரை யாரும் மதிப்பதில்லை. சந்தேகத்தோடு வருகிறவர் முதலில் போகிற இடம் அதுதான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டபூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணையும் அங்கேயே போடுங்கள். டானின் ஃபுட்டரில் உரைக்கட்டம் சேர்க்கலாம், கொள்கைப் பக்கங்களின் இணைப்பைக் காட்டும் தேர்வும் உண்டு. எண்ணெய்க் கடைக்குத் திருப்பி அனுப்பும் கொள்கையில் ஒரு வரி அவசியம்: பாட்டில் ஒழுகி வந்தால் என்ன செய்வீர்கள்.

2025 மே மாதத்தில் ஷாப்பிஃபை ஹொரைசன் என்ற புதிய தீம் வரிசையைக் கொண்டுவந்தது. கட்டத்துக்குள் கட்டமாக எட்டு அடுக்கு வரை போகலாம் என்பதால் டானில் நிரல் எழுதிச் செய்ததில் பலவற்றை அதில் இழுத்து வைத்தே செய்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர் இரண்டையும் முன்னோட்டத்தில் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். டானில் ஏற்கெனவே சீராக ஓடும் கடைக்கு மாற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. தீம் மாறினால் பொருட்களும் கலெக்‌ஷனும் மெனுவும் அப்படியே இருக்கும். ஆனால் முகப்பில் அடுக்கிய செக்‌ஷன்கள், அவற்றில் எழுதிய வாசகம், கஸ்டம் சிஎஸ்எஸ், மாற்றிய தமிழ்ச் சொற்கள் எதுவும் கூட வராது. மாறுவதென்றால் அவற்றை முதலில் ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்து, புதிய தீமை வெளியிடாமலே முழுவதும் அடுக்கி, தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தைத் தவிர்த்து வேறொரு நாளில் வெளியிடுங்கள்.